மந்திரி தைத்த கோட்டு

சட்டையைப் பார்த்துத்தான் ராக்கையா ஆளை மதிப்பார். சின்னமனூரிலிருந்து குச்சனூர் போகும் மினிபஸ்ஸில் அவர் கண்டக்டர். இஸ்திரி கலையாத முழுக்கைச் சட்டை ஏறினால், "இங்கன உக்காருங்க சார்." பனியனும் துண்டுமாக ஏறினால், "உள்ள போய்யா, படியில நின்னு என்னத்தப் பாக்குற?" அவருடைய காக்கிச் சட்டைக்குத் தினமும் கஞ்சி போட்டாக வேண்டும். மனைவி சுருளியம்மாள் மறந்துவிட்டால் அன்றைக்குப் பஸ் முழுக்க வசவு வாங்கும்.

பனியன் துண்டோடு ஏறுகிறவர்களில் முத்துவீரனும் ஒருவன். மார்க்கையன்கோட்டையில் வாழைத்தார் சுமக்கிறவன். ஆனால் பங்குனிப் பொங்கலுக்கு ஊரில் போடும் சரித்திர நாடகத்தில் அவன்தான் ராஜா, ராக்கையா மந்திரி. காலையில் படியிலிருந்து விரட்டியவனைச் சாயங்காலம் சிவப்பு வெல்வெட் கோட்டில் பார்த்துக் குனிந்து "மன்னா" என்று சொல்ல வேண்டும். மந்திரிக்குக் கிடைப்பது சாயம் போன பச்சை அங்கி. அதிலும் கக்கத்தில் கிழிசல்.

"உடுப்புத்தான்யா ராசா. அந்தக் கோட்ட ஒரு கம்புல மாட்டி நிறுத்துனாலும் சனம் கும்பிடும்" என்று டீக்கடையில் பொருமுவார். "அப்ப நீயே கம்பா நின்னுக்க வேண்டியதுதான" என்று யாராவது சிரித்தால், டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார்.

இரண்டாயிரத்து மூன்றில் அவருக்குப் பொறுமை விட்டுப்போனது. சின்னமனூர் டெய்லர் ஜேசுராஜிடம் தனக்கென்று ஒரு கோட்டுத் தைக்கக் கொடுத்தார். நீல வெல்வெட், கழுத்திலிருந்து முழங்கால்வரை தங்கச் சரிகை. கம்பீரமாக இருக்கட்டும் என்று தோளை மட்டும் நன்றாக அகலமாக வைக்கச் சொன்னார்.

"மந்திரிக்கு எதுக்கு இம்புட்டுச் சரிகை?" என்றாள் சுருளியம்மாள்.

"மந்திரி இல்லாம ராசா ஏது?"

அந்த வருஷம் மதுரையிலிருந்து வாடகை உடுப்புப் பெட்டியைக் கொண்டுவரும் பொறுப்பும் அவரிடமே வந்தது. "ராஜா கோட்டு வெளியூர் போயிருக்கு, ஒரு மணி நேரத்துல வந்துரும், இருந்து வாங்கிட்டுப் போங்க" என்றார் கடைக்காரர். ராக்கையா இருக்கவில்லை. "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று இருந்ததை மட்டும் கட்டிக்கொண்டு கிளம்பினார். ஆண்டிபட்டி தாண்டியும் மடியில் பெட்டி லேசாக இருந்தது அவருக்குப் பிடித்திருந்தது.

விளக்கு வைக்கும் நேரம். ஒப்பனைக் கொட்டகையில் பெட்டியைத் திறந்த நாடக வாத்தியார் தவசி திகைத்துப்போனார்.

"ராசா கோட்டு எங்கப்பா?"

"இல்லேன்னு சொல்லிட்டாக" என்றார் ராக்கையா, நீலக் கோட்டின் கடைசிப் பொத்தானைப் போட்டபடி.

தவசி திரும்பி அவரை மேலும் கீழும் பார்த்தார். "கழட்டு."

"வாத்தியாரே, இது என் சொந்தக் கோட்டு."

"ராசா துண்டோட வந்தா சனம் சிரிக்கும். ஒனக்குப் பச்சை அங்கி பெட்டியிலயே கெடக்கு. கழட்டுய்யா, நேரமாச்சு."

முத்துவீரன் கூசினான். "வேணாம் வாத்தியாரே, அண்ணன் ஆசையாத் தச்சிருக்காக."

கோட்டைக் கேட்டதைவிட அந்த 'ஆசையா'தான் ராக்கையாவைச் சுட்டது. கழற்றி நீட்டினார். அவர் மேல் தொளதொளத்த தோள்பட்டை, தார் சுமந்து விரிந்த முத்துவீரனின் தோளில் அளவெடுத்தாற்போல உட்கார்ந்தது. பக்கத்திலிருந்த கண்ணாடியில் அவருக்கு அது தெரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

திரை விலகியது. நீலமும் தங்கமும் விளக்கில் மின்ன முத்துவீரன் நடந்துவந்தபோது விசில் பறந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து சுருளியம்மாளும் கைதட்டினாள். அவள் யாரைப் பார்த்துத் தட்டுகிறாள் என்று பச்சை அங்கிக்குள் நின்று ராக்கையா பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய முறை வந்தது. போனார்.

"மன்னா" என்று குனிந்தார். குனிந்த கண்ணுக்கு நேராகக் கோட்டின் ஓரத்தில் சரிகை நூல் ஒன்று பிரிந்து தொங்கியது. வசனத்தை நிறுத்தாமலே இரண்டு விரலால் அதை மெல்ல உள்ளே மடித்துவிட்டார்.