மீன் சுற்றிய பேப்பர்

இன்று மத்தியானம் புது மாப்பிள்ளைக்கு எங்கள் வீட்டில் முதல் விருந்து. குழம்பு நாறினால் என் மகளுக்கு ஆயுசுக்கும் அதே பேச்சுதான். அதனால் காலையிலேயே பழங்காநத்தம் மீன்கடைக்கு நானே போனேன்.

"ராத்திரி பிடிச்ச மீனுக்கா. மண்டபம் கடற்கரைல இருந்து விடியக்காலம் ரயில்ல வந்துச்சு" என்றார் கடைக்காரர்.

செவுளைத் தூக்கிப் பார்த்தேன். வெற்றிலை போட்ட வாய் மாதிரி அம்புட்டுச் சிவப்பு. சாயம் பூசாமல் எந்தச் செவுளும் இப்படிச் சிவக்காது; அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

மீனைச் சுற்றித் தந்த பேப்பரை எழுத்துக் கூட்டிப் படித்தேன். மண்டபத்தில் வேலைநிறுத்தமாம். ஆறு நாளாக ஒரு படகும் கடலுக்குப் போகவில்லையாம்.

"ஏந்தம்பி, இந்த மீனு தானா நடந்து வந்து ரயில் ஏறுச்சா?"

"அய்ய, அது பழைய பேப்பருக்கா!"

"மேல நேத்துத் தேதி போட்டிருக்கே. பேப்பருக்கு வயசு ஒரு நாளு. மீனுக்கு எம்புட்டு?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள்.

"மாத்திக் குடு தம்பி" என்றேன். முறைத்துக்கொண்டே உள்ளே போனவர் மாற்றித்தான் கொண்டுவந்தார். அதே மீன், இப்போது சினிமா விளம்பரத்தில் சுற்றியிருந்தது.

மருமகனுக்குக் கோழிக் குழம்பு வைத்தாயிற்று. இன்றைக்கு அந்தக் கடையில் மீன் வாங்கியவர்களே, உங்களுக்குப் பேப்பரின் எந்தப் பக்கத்தில் சுற்றித் தந்தார்?