இரண்டு சாவிக் கதவு

எங்கள் அய்யாவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இந்த நினைவு மலரை நீங்கள் பெற்றுக்கொள்ளும் வீட்டைப் பற்றிச் சொல்லாமல் அய்யாவைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அய்யா வாலிநோக்கத்தில் பிறந்தவர்கள். பெற்றோருக்கு உப்பளத்தில் வேலை. தாயாரின் கால் வெடிப்புகளைப் பார்த்துத்தான் படிப்பை விடாமல் பிடித்துக்கொண்டதாகச் சொல்வார்கள். வங்கியில் சேர்ந்து, பல ஊர்கள் மாறி, மேலாளராக இராமநாதபுரம் வந்தபோது நான் சிறுமி. கீழே வங்கி; மாடியில் மேலாளர் குடும்பத்துக்கு வீடு.

கடற்பாறைக் கல்லை அடுக்கிச் சுண்ணாம்பு பூசிய சுவர்கள். ஜன்னல் குழிவில் நான் காலை நீட்டிப் படுக்கலாம், அவ்வளவு கனம். ஜன்னலே இல்லாத பெட்டக அறைக்கு நேர்மேலே எங்கள் சமையலறை. “ஊர்ப் பணத்துக்கு மேல நம்ம ரசம் கொதிக்குது” என்று அம்மா சிரிப்பார்கள். வெளிப்புறப் படி ஒடுக்கமாக வளைந்து ஏறும். திருடன் பணப்பெட்டியை மாடி வழியாக இறக்கிவிடக் கூடாதென்று அப்படிக் கட்டியிருந்தார்கள். உள்ளே வங்கிக் கூடத்திலிருந்து அகலமான மரப்படி ஒன்று எங்கள் வீட்டுக்கு வரும். அதன் உச்சியில் இரும்புத் தகடு அடித்த கதவு, இரண்டு பூட்டுகள். ஒரு சாவி மேலாளரிடம், மற்றது காசாளரிடம். இருவரும் சம்மதித்தால்தான் கதவு திறக்கும்.

வங்கி வேறிடம் போனதும் அய்யா அந்தக் கட்டடத்தையே வாங்கினார்கள். கீழ்க்கூடத்தில் பெரியபட்டினம் மைதீன் அண்ணன் துணிக்கடை வைத்தார். சாவி வழக்கம் மட்டும் மாறவில்லை. என் கல்யாணச் சீரோடு காசாளர் சாவியையும் கொடுத்து, “இனிமே நீதான் கேஷியர்” என்றார்கள்.

“சார், கதவத் தொறங்க, மேல வந்து டீ குடிச்சிட்டுப் போறேன்” என்பார் மைதீன் அண்ணன்.

“கேஷியர் லீவுல இருக்கு பாய். வெளிப்படியில சுத்தி வாரும்” என்பார்கள் அய்யா.

அம்மா மறைந்தபின் அய்யாவுக்குத் துணையாக என் மகள் கயல் இங்கே தங்கிப் படித்தாள். நான் அக்காள்மடத்தில் ஆசிரியை. பிள்ளையையும் பெரியவரையும் தனியாக விட்டிருக்கிறோமே என்று எந்நேரமும் மனம் அடித்துக்கொள்ளும். ஒரு நண்பகலில், பாம்பன் பாலத்தில் பேருந்தில் வந்துகொண்டிருந்தபோது அவள் போன் வந்தது.

“அம்மா, தாத்தா விழுந்துட்டாக. பேச்சுக் குளறுது. ஆம்புலன்ஸ்காரவுக படுக்க வச்சுத்தான் எறக்கணுங்குறாக. ஸ்ட்ரெச்சர் வெளிப்படியில திரும்ப மாட்டேங்குது. உள்கதவத் தொறக்கணும், ஒன் சாவி எங்க?”

“என் பையிலடி!”

“மைதீன் மாமா கடப்பாரையோட நிக்காக. தாத்தா வேணாம் வேணாம்னு கைய ஆட்டுறாக. இடுப்புச் சாவியவும் விட மாட்டேங்குறாக.”

அய்யா எதற்குக் காத்திருந்தார்கள் என்று அந்த நொடியில் எனக்குப் புரிந்தது.

“போனைத் தாத்தா காதுல வையி.”

வைத்தாள். “அய்யா, கேஷியர் பேசுறேன். எனக்குச் சம்மதம். ஒங்க பூட்டத் தொறங்க, என் பூட்ட ஒடைக்கட்டும்.”

கயலின் குரல் கேட்டது: “சாவியக் குடுத்துட்டாக அம்மா!” அதன் பின்னால் இரும்பில் இரும்பு விழும் சத்தம்.

மருத்துவமனையிலிருந்து அய்யா மீண்டு வந்தார்கள். மழைக்காலம் முழுவதும் எங்களோடு இருந்து, எல்லோரிடமும் பேசி, தம் கட்டிலிலேயே அமைதியானார்கள். இறுதிப் பயணத்துக்கும் அந்த அகலப்படியில்தான் இறக்கினோம்.

ஆம்புலன்ஸ் தம்பிகளுக்கும், மருத்துவர்களுக்கும், செவிலியருக்கும், துக்கத்தில் தோள் கொடுத்த ஒவ்வொருவருக்கும் எங்கள் நன்றி. எங்கள் வீட்டுப் பூட்டை உடைத்த மைதீன் அண்ணனுக்கு வாழ்நாள் நன்றி.

அந்தப் பூட்டை நாங்கள் மாற்றவில்லை. என் சாவி இன்னும் பையில் கிடக்கிறது. அதைக் கயலிடம் கொடுக்கப் போவதில்லை; அந்தக் கதவை இனிப் பூட்டுவதாக இல்லை. இன்று நீங்கள் யாரும் சுற்றி வர வேண்டாம். கூடத்து வழியாகவே மேலே வாருங்கள்.