கடைசி ஐந்து கேள்விகள்

லோகநாயகிக்குக் கணக்கு என்றால் உயிர். கணக்கை விற்பவர்களைக் கண்டால் குமட்டும். தலையெழுத்து, அவளுக்குச் சம்பளம் கொடுப்பது அவர்கள்தான். இரும்புலியூரிலிருந்து பஸ் மாறி ராஜகீழ்ப்பாக்கம் வந்து, பேக்கரிக்கு மேல்மாடியில் உள்ள கோச்சிங் சென்டரில், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கணிதத் தகுதித் தேர்வுக்குத் தயார் செய்கிறாள்.

அந்தத் தேர்வில் கடைசி ஐந்து கேள்விகள்தான் ஆளை விழுங்குபவை. அவற்றுக்கு சென்டர் முதலாளி ஜீவானந்தம் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். வியாழக்கிழமை ரிவிஷன் வகுப்பில் ஐந்து கடினமான கணக்குகளைப் போட்டுக் காட்ட வேண்டும். சனிக்கிழமை மாதிரித் தேர்வில் அதே ஐந்தும் கடைசியில் வரும். ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண் கோடு திரையில் ஜிவ்வென்று ஏறும். அப்பாக்கள் அதை போட்டோ எடுத்துக்கொள்வார்கள். லோகநாயகி பல்லைக் கடித்துக்கொண்டு ஓரமாக நிற்பாள்.

நன்றாகப் படிப்பவர்களுக்கான ஸ்டார் பேட்ச்சில் இந்த வித்தை கைவராத ஒரே பெண் ஆஃபியா. அவளுக்கு மனப்பாடம் ஆகாது. எதையும் முதலிலிருந்து யோசிப்பாள், நேரம் போய்விடும். "இந்த வாரமும் கடைசியா வந்தா பேசிக் பேட்ச்சுக்கு மாத்திடுங்க மேடம்," என்றார் ஜீவானந்தம். பேசிக் பேட்ச்சில் கடைசி ஐந்தைச் சொல்லியே தர மாட்டார்கள். அதைத் தொடாதே, மற்றதைப் போடு, அவ்வளவுதான் பாடம்.

அந்த வாரம் லோகநாயகிக்குப் பொறுக்கவில்லை. வட்ட மேஜையைச் சுற்றி ஏழு பேர், சண்டைபோட்ட இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரக் கூடாது, எத்தனை விதமாக உட்காரலாம் என்பது வியாழக்கிழமைக் கணக்கு. விடை 480. சனிக்கிழமை கேள்வித்தாளில் அவள் மேஜையை எடுத்துவிட்டு, ஏழு பேரையும் ஒரு நீளமான பெஞ்சில் உட்காரவைத்தாள்.

விடைத்தாள்களைத் திருத்தியபோது அருவருப்பாக இருந்தது. ஒன்றைத் தவிர எல்லாத் தாளிலும் 480. சென்டரின் பேனரில் படம் போட்டிருக்கும் அனிருத், பெஞ்சைச் சுற்றி ஒரு வட்டமே வரைந்திருந்தான். ஆஃபியா மட்டும் 3600 என்று சரியாக எழுதியிருந்தாள்.

ஜீவானந்தம் முகம்கூடச் சுளிக்கவில்லை. "கொஸ்டின் தப்புன்னு சொல்லி எல்லாருக்கும் போனஸ் மார்க் குடுத்துடலாம். பெரிய எக்ஸாம்லயே குடுக்கறாங்களே." கோடு ஏறியது. மற்ற கணக்குகளுக்கு நேரம் போதாத ஆஃபியா கடைசி.

ஞாயிறு கூட்டத்தில் அவர் போனஸை அறிவித்ததும் ஆஃபியா எழுந்தாள்.

"சார், கொஸ்டின் தப்புன்னா எனக்கு எப்படி ஆன்சர் வந்துச்சு?"

ஜீவானந்தம் சிரித்துக்கொண்டே லோகநாயகியைப் பார்த்தார். "நீங்களே சொல்லுங்க மேடம், கொஸ்டின் தப்புதானே?"

வேலை போனால் போகட்டும் என்று தோன்றிவிட்டது. "கொஸ்டின் சரிதான் சார். வியாழக்கிழமை போட்ட கணக்கையே சனிக்கிழமை கேக்கறோம். இந்தத் தடவை கொஞ்சம் மாத்திக் கேட்டேன். ஆஃபியா மட்டும்தான் சரியாப் போட்டிருக்கா."

போனஸ் போனது. ஆஃபியா ஸ்டார் பேட்ச்சிலேயே இருக்கட்டும் என்று ஜீவானந்தம் எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

அனிருத்தின் அப்பா எழுந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று லோகநாயகி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். சண்டை போட்டிருந்தால் அந்த மனிதர்மேல் அவளுக்கு மரியாதையே வந்திருக்கும்.

"அந்த பெஞ்ச் கணக்கையும் ஸ்டெப் ஸ்டெப்பா வாட்ஸ்அப் க்ரூப்ல போட்டுடுங்க மேடம். பசங்க பை-ஹார்ட் பண்ணிக்குவாங்க."

கூட்டமே தலையாட்டியது. ஆஃபியாவின் அம்மா அக்தர் பேகம் மட்டும் தலையாட்டாமல் எழுந்து லோகநாயகியை நோக்கி வந்தார். இவராவது புரிந்துகொண்டாரே என்று லோகநாயகி நிமிர்ந்தாள்.

அக்தர் பேகம் போனை நீட்டினார்.

"மிஸ், என் நம்பர் அந்த க்ரூப்ல இல்ல. சேத்துவிடுங்க. இவளும் மத்த பசங்க மாதிரி மனப்பாடம் பண்ணட்டும்."