செல்லபாயின் கையும் கூரை முழுக்க அலையும்

மியூசியத்தின் அந்த இருட்டு அறை வாசலில், நான் ஒரு வார்த்தை சொல்லாமலே எங்கள் ஃபேக்டரிப் பெண்கள் வரிசையாக நின்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்கள். வாசலில் ஆட்களை உள்ளே விட நின்ற மலையாளப் பெண் திகைத்துப் போனாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது.

கருங்கல் பக்கம் ஒரு முந்திரி ஃபேக்டரியில், எங்கள் ஊர்ப் பேச்சில் அண்டி ஆபீஸில், கிரேடிங் செக்‌ஷன் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பருப்பைத் தரம் பிரிக்கும் அறைக்குள் யார் நுழைந்தாலும் கையைக் காட்ட வேண்டும். கையில் இருக்கும் கறை பருப்பில் ஒட்டினால் எக்ஸ்போர்ட் சரக்கு திரும்பி வந்துவிடும். "கையக் காட்டு" என்று சொல்லிச் சொல்லியே என் சர்வீஸ் கழிந்தது. டூர் வந்த இடத்திலும் என் முகத்தைக் கண்டதும் கை தானாக நீண்டுவிட்டது.

வழக்கமாக டூர் என்றால் கோயில், சர்ச், கடற்கரை. அந்த வருடம் முதலாளியின் மகள் நாகர்கோவில் ஹெட் ஆபீஸில் இருந்து வேன் ஏற்பாடு செய்து, திருவனந்தபுரத்தில் ஒரு நவீன கலை மியூசியத்துக்கு அனுப்பிவிட்டாள். முதல் அறையில் துருப்பிடித்த தகரம் தொங்கியது. "இதப் பாக்கவா இம்பிடு தூரம் வந்தோம்? பழைய இரும்பு வாங்குற ஆக்கர் கடையில இதவிட நல்ல தகரம் கெடக்கு" என்றாள் பீலிங் செக்‌ஷன் ரோஸ்பாய்.

இருட்டறைக்குள் போனதும் அவளே முன்னால் போய் எட்டிப் பார்த்தாள். அகலமான கருப்புத் தொட்டி, அது நிறையத் தண்ணீர். ஓரத்தில் இரண்டு செம்புப் பிடிகள். அவற்றைப் பிடித்தால், மிஷின் நம் நாடித்துடிப்பை எடுத்துத் தண்ணீரை அசைக்கும். விளக்கு வெளிச்சத்தில் அந்த அலை கூரை முழுவதும் விரியும். ரோஸ்பாய் பிடித்தாள். கூரையே மூச்சு விடுவது போலிருந்தது. ஒரு மனுஷியின் நெஞ்சுக்குள் நடப்பதை இப்படி அண்ணாந்து பார்ப்பேன் என்று நான் நினைத்ததே இல்லை.

ஒருவர் பின் ஒருவராகப் பிடித்தார்கள். செல்லபாய் மட்டும் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். அவள் முந்திரிக்கொட்டையின் ஓட்டை, எங்கள் பேச்சில் தோட்டை, உடைக்கும் ஷெல்லிங் செக்‌ஷன். தோட்டு எண்ணெய் அரித்து, விரல் நுனியில் ரேகையே கிடையாது. அதற்கு முந்தின மாதம் ரேஷன் கடை மிஷின் அவள் விரலை ஏற்கவில்லை. வரிசையில் எல்லோரும் பார்க்க வெறும் பையோடு திரும்பியவள் அவள்.

"எனக்கு வய்யா அக்கா. அண்டி தல்லுன கையாக்கும். இதுவும் எடுக்காது. எல்லாருக்க முன்னாலயும் மானங்கெடணுமா?"

எனக்கும் அதே பயம்தான். அவளைப் போ என்று நான் தள்ளவில்லை. மலையாளப் பெண்தான், "பேடிக்க வேண்டாம் அம்மா, எந்தக் கையும் பிடிக்கலாம்" என்று கூட்டிக்கொண்டு போனாள்.

செல்லபாய் கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் பிடித்தாள். தண்ணீர் அசையவில்லை. அவள் தலை குனிந்துவிட்டது. பிறகு தண்ணீரில் ஒரு வளையம் எழுந்தது. இன்னொன்று. கூரையின் இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடி வரை அலை ஓடியது.

"ஏட்டி செல்லபாயி, மேல பாருட்டி!" என்று ரோஸ்பாய் கத்தினாள்.

"இது எனக்கதா அக்கா?"

"பின்ன யாருக்கது? ஒனக்கதுதாம்ட்டி!" என்றேன் நான்.

அவள் அழுதாள். அழ அழத் துடிப்பு கூடி, கூரையும் வேகமாக அலைந்தது. பிடியை விடவே மாட்டேன் என்றாள்.

அடுத்த மாதம் ரேஷன் கடையில் நானும் வரிசையில் நின்றேன். மிஷின் மறுபடியும் மறுத்தது. கடைக்காரர் தலை நிமிராமல் "அடுத்த ஆளு" என்றார். செல்லபாய் நகரவில்லை.

"என்னத் தெரியல்லன்னா அது மிஷினுக்க கொறவு, மக்கா. நான் இன்னா உயிரோட நிக்கியேன். வேற வழி பாரு."

அவர் உள்ளே போய், கண்ணை வைத்து ஆள் பார்க்கும் கருவியை எடுத்து வந்தார். அது இத்தனை நாளும் அலமாரியில்தான் இருந்ததாம்!

கிரேடிங் வாசலில் இப்போது சூப்பர்வைசராக நிற்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். கையைப் பாருங்கள், பார்க்கத்தான் வேண்டும். நான் கையை மட்டுமே பார்த்தேன்; நீங்கள் அதற்கு முன்னால் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.