கறை தேடிய மூன்று நாள்

“எஞ்சினை நிறுத்துங்க அக்கா, முதல்ல இறங்குங்க” என்று சொல்லிக்கொண்டே கதவைத் திறந்தேன். கார் பழுதுபார்க்கும் தொழிலில் கண்ணுக்கு முன்னால் மூக்குதான் வேலைக்கு வரும். அன்று முதலில் வந்தது பாண்டான் இலை வாசனை. அதற்கு அடியில் பெட்ரோல்.

இலைக்கட்டு

ராஜேஸ்வரி அக்கா சிங்கப்பூரில் செங்காங் பக்கம் இருக்கிறார். செயலி வழியாகப் பயணிகளை ஏற்றி ஓட்டுகிறார். பின்சீட்டில் நாற்றம் என்று இரண்டு பேர் புகார் எழுதிவிட்டார்கள். மூன்றாவது புகார் வந்தால் கணக்கை மூடிவிடுவார்களாம். கரப்பான்பூச்சியை விரட்டப் போடும் பாண்டான் இலையைக் கட்டுக்கட்டாகச் சீட்டுக்கு அடியில் திணித்திருந்தார். பழைய கார் வைத்திருக்கும் நீங்களும் இப்படி ஏதாவது செய்திருப்பீர்கள். எத்தனை நாளாக மறைக்கிறீர்கள் என்று அக்காவிடம் கேட்டேன்.

“மறைக்கறது என் வேலை தம்பி. கண்டுபிடிக்கறதுதான் உங்க வேலை.”

பளபளப்பு

பானெட்டைத் தூக்கினால் எஞ்சின் புதுப்பாத்திரம் போல மின்னியது. என்னோடு வேலை செய்யும் ரஹீம் பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் ரப்பர் வளையம் இறுகிப்போனால் பெட்ரோல் துளித்துளியாகக் கசியும். ஈரத்தில் தூசி ஒட்டிக் கறுப்பாகப் படியும். அந்தக் கறைதான் எங்களுக்கு அடையாளம். காலையில் அதைத்தான் அக்கா சோப்புப் போட்டுக் கழுவியிருக்கிறார்.

எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தோம். எங்கும் ஈரமில்லை. கசிவோடு சாலைக்கு அனுப்ப முடியாது. “மூணு நாள் இங்கேயே விடுங்க. தினமும் ஓடவிட்டுப் பார்க்கறோம். யாரும் துடைக்கக் கூடாது” என்றேன். அவர் முகம் சுருங்கியது.

“அழுக்கோட டாக்டர்கிட்ட போவீங்களா பாய்? அதான் குளிப்பாட்டிக் கூட்டிட்டு வந்தேன்.”

டிஷ்யூ

அக்கா தினமும் ரயிலேறி வந்து பார்த்தார். தீயணைப்புக் கருவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாங்கள் ஓடவிடுவோம், அணைப்போம், ஆறவிடுவோம். சூடாக அணைத்த வண்டி மறுபடி கிளம்பச் சிணுங்கியது. அதுவும் ஓர் அறிகுறிதான். ஆனால் இடம் தெரியவில்லை.

மூன்றாம் நாள், ஆறிய எஞ்சினை நான் விளக்கோடு குனிந்து தேடிக்கொண்டிருந்தேன். என் தோளுக்கு மேலாக ஒரு கை டிஷ்யூவோடு நீண்டது. ரஹீம் பாய் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். விரல் போன இடத்தில், மூன்றாவது இன்ஜெக்டரின் கழுத்தில், மிளகளவு கறை. தொட்டு முகர்ந்தேன். பெட்ரோல்.

“காலையில வந்ததுலேருந்து அது கண்ணை உறுத்துது லா. உங்களுக்கு எப்படித் தெரியாமப் போச்சு?”

நான்கு வளையங்கள்

கழற்றிய வளையம் கையிலேயே விரிசல்விட்டு உடைந்தது. நான்கையும் மாற்றினோம். மறுபடி ஓடவிட்டு, அணைத்து, அரைமணி காத்திருந்தோம். ஈரமில்லை, வாடையில்லை. அழுக்கைப் பொறுக்காத ஒருவரிடம்தான் அழுக்கைக் கண்டுபிடிக்கக் கற்றேன் என்று ஒப்புக்கொண்டால் எங்கள் பெயர்ப்பலகைக்கு நல்லதல்ல.

“ஓட்டிப் பாருங்க அக்கா” என்று சாவியை நீட்டினேன்.

“நீங்க ஓட்டுங்க தம்பி.”

அவர் பின்கதவைத் திறந்து, பயணி உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, இரண்டு ஜன்னல் கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டு மூச்சை ஆழமாக இழுத்தார்.