முகம் பார்த்து ஏறிய வண்டி

போன வாரம் பெரிய மார்க்கெட் பக்கம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு பெண் வந்தது. கையில் சிலேட்டு மாதிரி ஒரு கம்ப்யூட்டர்.

"தாத்தா, இனிமே நம்ம ஊர்ல பஸ்ஸெல்லாம் எப்படி இருக்கணும்னு கருத்து கேக்கறோம். ரெண்டு நிமிஷம் பேசலாமா?"

என்னிடம் யாரும் ரெண்டு நிமிஷம் கேட்டு நாளாகிறது. ஒரு மணி நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்றேன். சிரித்தது. கரண்டில் ஓடுகிற பஸ் வருமாம், புகை கிடையாதாம். நெற்றியில் ஊர்ப் பேர் விளக்காக ஓடுமாம். உள்ளே ஒரு குரல் அடுத்த நிறுத்தம் எது என்று சொல்லிக்கொண்டே வருமாம். எல்லாவற்றுக்கும் நல்லது நல்லது என்று தலையாட்டினேன். கடைசியில், "நீங்க எப்பவாவது தப்பான பஸ்ல ஏறியிருக்கீங்களா?" என்று கேட்டது.

"ஏறினதில்லம்மா. ஏத்திக்கிட்டுப் போயிருக்கேன்."

அந்தக் கம்ப்யூட்டரில் இதற்குக் கட்டம் இல்லை போலிருக்கிறது. அடுத்த ஆளிடம் போய்விட்டது. நீங்களாவது கொஞ்சம் உட்காருங்கள், சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில் நான் ஒரு தனியார் டவுன் பஸ்ஸுக்கு டிரைவர். மார்க்கெட்டிலிருந்து அரியாங்குப்பம், திரும்ப மார்க்கெட். ஒரு நாளைக்கு எத்தனை நடை என்று கணக்கு வைத்ததில்லை. பிறந்தது வைத்திக்குப்பத்தில். அப்பா கடல்காரர். எனக்கு மட்டும் கட்டுமரத்தில் கால் வைத்தாலே குடல் வாய்க்கு வந்துவிடும். மீன் பிடிக்கிறவன் மகனுக்குத் தண்ணீர் ஆகவில்லை என்றால் ஊர் சும்மா விடுமா? அந்தக் கேலி பொறுக்காமல்தான் லாரியில் தொற்றிக்கொண்டு வண்டி ஓட்டக் கற்றேன். பள்ளிக்கூடத்துக்குப் போனதும் இல்லை. கையெழுத்து மட்டும் போடுவேன், அதுவும் படம் வரைகிற மாதிரி.

அப்போது பஸ்ஸில் இன்ஜின் வெளியே கிடையாது. டிரைவருக்குப் பக்கத்திலேயே பெட்டி மாதிரி மூடி வைத்திருக்கும். மழைக்காலத்தில் அடுப்பங்கரை, சித்திரையில் நரகம். அந்தப் பெட்டியைச் சுற்றித்தான் மீன்காரப் பெண்கள் கூடையோடு உட்காருவார்கள். டீசல், கவுச்சி, வெற்றிலை, பூ எல்லாம் சேர்ந்து ஒரு வாசனை வரும். மற்றவர்கள் மூக்கைப் பிடிப்பார்கள். எனக்கு அது எங்கம்மா போன பிறகு திரும்பக் கிடைத்த வீட்டு வாசனை.

வண்டிக்கு முன்னால் ஊர்ப் பேர் எழுதிய போர்டு ஒன்று தொங்கும். யாருக்காக எழுதினார்களோ! ஓட்டுகிற எனக்குப் படிக்கத் தெரியாது, ஏறுகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கும் தெரியாது. ஒரு சொல்தா வருவார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்குகிறவர்களுக்கு எங்கள் ஊரில் அப்படித்தான் பேர். அவருக்குப் பிரெஞ்சு எழுத்து அத்துப்படி, தமிழ் எழுத்து தெரியாது. அவரும் தொப்பியை ஏற்றிவிட்டுக்கொண்டு என் முகத்தைப் பார்த்துத்தான் ஏறுவார். இறங்கும்போது நன்றிக்கு ஒரு "மெர்சி" சொல்வார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் வண்டியைக் குலுங்காமல் நிறுத்துவேன். போர்டைவிட டிரைவர் முகம்தான் ஊர்ப் பேர். இந்த முகம் வந்தால் அரியாங்குப்பம், அந்த முகம் வந்தால் வில்லியனூர், அவ்வளவுதான்.

மீன்காரப் பெண்களில் ஒருத்தி அஞ்சலை. கல்யாணமான ரெண்டாம் வருஷமே புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள். அரியாங்குப்பம் மீனவர் குப்பத்தில் அண்ணன் வீட்டில் இருந்தாள். இன்ஜின் பெட்டியை ஒட்டி, என் இடது கைப்பக்கம் அவள் இடம். வாய் மட்டும் ஓயாது.

"யோவ் டிரைவரே, இது பஸ்ஸா, தேரா? மீனு கருவாடாறதுக்குள்ள போய்ச் சேத்துடுவியா?"

"கருவாடுன்னா நல்ல வெலைக்குப் போவும்ல?"

"உன் மூஞ்சிய வெச்சி வித்தா அதுவும் போவாது, ஓட்டு!"

வண்டியே சிரிக்கும். நான் கண்ணாடியைப் பார்க்கிற மாதிரி அவளைப் பார்ப்பேன். முத்தியால்பேட்டையில் ஒரு அறை எனக்கு. போனால் பேச ஆளில்லை. அவள் பகலில் திட்டியதை நினைத்துக்கொண்டே சோறு வடிப்பேன். சில நாள் குழைந்துவிடும்.

ஒரு புதன்கிழமை, திடீரென்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"சோறு யாரு ஆக்குறா உனக்கு?"

"நான்தான்."

காலிக் கூடையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். ஆற்றுப் பாலம் தாண்டியதும், "ஞாயித்துக்கெழம எங்கண்ணன் வூட்லதான் இருக்கும். என்னக் கேக்கறதுன்னா அண்ணனாண்ட நேரா வந்து கேளு. கண்ணாடிய எத்தினி நாளிக்குப் பாப்ப?" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள். அதற்கப்புறம் அந்த நடையை நான் எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. ரெண்டு நிறுத்தத்தை விட்டுவிட்டேன் என்று கண்டக்டர் கத்தினான்.

வெள்ளிக்கிழமை முதலாளி கூப்பிட்டார். அவருக்கு ரெண்டு வண்டி, ரெண்டும் ஒரே நீல நிறம். வில்லியனூர் வண்டி டிரைவருக்கு அம்மை போட்டுவிட்டது. "நாளைக்கு மத்தியானத்துலேர்ந்து நீ அத எடு, இதுக்கு வேற ஆளு வரான்" என்றார்.

சனிக்கிழமை மத்தியானம், மார்க்கெட் நிறுத்தத்தில் வில்லியனூர் வண்டியோடு நிற்கிறேன். மற்றப் பெண்கள் முன்னமே போய்விட்டார்கள் போல. அஞ்சலை மட்டும் காலிக் கூடையோடு வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், ஏறினாள், வழக்கமான இடத்தில் உட்கார்ந்து கம்பியில் தலையைச் சாய்த்தாள். விடியலுக்கு முன்னால் எழுந்தவள், நான் கியர் போடுவதற்குள் தூங்கிவிட்டாள்.

எனக்குத் தெரியும், நண்பரே. தெரியாமல் இல்லை. அவள் போக வேண்டியது தெற்கே, வண்டி மேற்கே போகிறது. அடுத்த நிறுத்தத்தில் எழுப்பலாம் என்று நினைத்தேன். அந்த நிறுத்தம் வந்தது, போனது. உழவர்கரையில் எழுப்பலாம் என்றேன். அதுவும் போனது. புதுக் கண்டக்டர் டிக்கெட்டுக்கு வந்தான்.

"எங்க எறங்கணும் இவங்க?"

"எழுப்பாத. நமக்கு வேண்டியவங்க. டிக்கெட்ட நான் பாத்துக்கறேன்."

அவன் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் போனான்.

அரும்பார்த்தபுரத்தில் ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். இன்ஜினை அணைத்தேன். விழுப்புரம் பாசஞ்சர் வருகிற வரைக்கும் ஒரு சத்தமில்லை. கை நீட்டினால் தோள் எட்டும் தூரம். முந்தானை விலகி, வாய் லேசாகத் திறந்து, குழந்தை மாதிரி தூங்கினாள். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, இனி எல்லா நாளும் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன். ரயில் போனது. கேட்டைத் திறந்தார்கள். வண்டியை எடுத்தேன்.

வில்லியனூரில் இன்ஜின் நின்றதும் கண் விழித்தாள். எதிரே கோயில் கோபுரம்.

"என்னாய்யா இது? எங்க கொண்டாந்து உட்ட?"

வண்டியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "டிரைவருக்கு வேண்டியவங்களாம், ஊர் சுத்திக் காட்றாரு" என்றான் கண்டக்டர். அஞ்சலை அவனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. திரும்பி வரும்போது இருக்கைகள் காலியாகக் கிடந்தும், கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு மார்க்கெட் வரைக்கும் நின்றுகொண்டே வந்தாள்.

அவள் வீடு போய்ச் சேருவதற்கு முன்னாலேயே சேதி போய்ச் சேர்ந்துவிட்டது. மார்க்கெட்டுக்கும் குப்பத்துக்கும் நடுவில் வாய்க்கா பஞ்சம்!

மறுநாள் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு சீப்பு பழத்தோடு போனேன். போகாமல் இருந்திருக்கலாம் என்று நினைக்கிறீர்களா? அந்த அளவுக்குப் புத்தி இருந்தால் அவளை எழுப்பியிருக்க மாட்டேனா? அண்ணன் வாசலில் நின்றார். பெரிய ஆள், மெதுவாகத்தான் பேசினார்.

"வில்லியனூர் டிரைவரு நீதானா?"

நான் வாய் திறப்பதற்குள் அஞ்சலை உள்ளேயிருந்து வந்தாள். "நீ இருண்ணா" என்றாள். என்னைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ரயில் கேட்டு போட்டாங்களாமே. வண்டிய அணைச்சிட்டு சும்மாத்தான குந்திருந்த? அப்பவாச்சும் ஏன்யா எழுப்பல?"

ஆசையில் என்று சொல்ல வேண்டும். அண்ணன் எதிரில் எப்படிச் சொல்வது? பழச் சீப்பைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டேன்.

"போர்டப் படிச்சிட்டா ஏறுனேன்? உன் மூஞ்சப் பாத்துதானய்யா ஏறுனேன்."

பழத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் திரும்ப எடுத்துக்கொண்டே வந்துவிட்டேன்.

ரெண்டு வாரத்தில் அம்மை இறங்கி அந்த டிரைவர் வந்தார். நான் பழைய வண்டிக்கே திரும்பினேன். சொல்தா ஏறினார், மீன்காரப் பெண்கள் ஏறினார்கள். ஒருத்தரும் எந்த ஊர் என்று கேட்கவில்லை. அஞ்சலை மட்டும் படியில் கால் வைக்காமல் கீழேயே நின்று, என்னைப் பார்க்காமல், "இந்த வண்டி எங்க போவுது?" என்று உரக்கக் கேட்டாள். "அரியாங்குப்பம்" என்றேன். அதோடு விடாமல் கண்டக்டரிடமும் கேட்டுவிட்டுத்தான் ஏறினாள். தள்ளிப் போய் உட்கார்ந்தாள். ஒவ்வொரு நாளும் இப்படியே. பின்னால் ஆள் ஏற்றுகிற டெம்போக்கள் ஓட ஆரம்பித்து அவர்கள் எல்லாரும் அதற்கு மாறும் வரைக்கும், நாலைந்து வருஷம், தினம் ரெண்டு வேளை அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறேன்.

அந்த நீல வண்டிகள் இல்லை. இன்ஜின் பெட்டி இல்லை, அதைச் சுற்றி உட்கார்ந்த பெண்கள் இல்லை. முதலாளியும் சொல்தாவும் போய்விட்டார்கள். அஞ்சலை இருக்கிறாளா என்று விசாரிக்க எனக்குத் துணிச்சல் இல்லை. டிரைவர் முகம் பார்த்து வண்டி ஏறிய காலம் போச்சு என்று என் வயசுக்காரர்கள் பேசிக்கொள்வார்கள், டெம்போவைத் திட்டுவார்கள், காலத்தைத் திட்டுவார்கள். நான் அந்தப் பேச்சில் கலந்துகொள்வதில்லை. மற்றவர்களுக்கு அது எப்படிப் போனதோ தெரியாது. ஒருத்திக்கு அதை இல்லாமல் ஆக்கியவன் நான்.