பயமே ஒழி

பேண்டை விட்டு வந்ததிலிருந்து எல்லோரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "சண்டையா?" சண்டையெல்லாம் ஒன்றுமில்லை. இருந்திருந்தால் பதில் சொல்லவாவது சுலபமாக இருந்திருக்கும்.

பதினாறு வருஷம் அந்த ராக் பேண்டின் எல்லாப் பாட்டையும் எழுதி மெட்டுப் போட்டவள் நான். மேடையில் இடது ஓரம், கையில் கிட்டார், பார்வை காலடியில் கிடக்கும் பெடலில். நடுவில் நின்று பாடியவன் என் கல்லூரி நண்பன். ஹைதராபாத்தில் எந்தக் கல்லூரி விழாவும் எங்கள் பாட்டு இல்லாமல் முடியாது என்று ஒரு காலம் இருந்தது. நிகழ்ச்சி முடிந்ததும் ஜனங்கள் அவனைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். அவன் பெரிய மனதோடு என்னைக் கைகாட்டுவான். அவர்களும் மரியாதைக்கு என் பக்கம் திரும்பி ஒரு சிரிப்பு சிரிப்பார்கள். அவன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்த ஓரம் எனக்குப் பிடித்துப்போயிருந்தது, அதுதான் வினை.

நாற்பது வயதில், என் பாட்டை இனி நானே பாடுவது என்று முடிவு செய்தேன். அதுவும் பேண்டில் போல ஹிந்தியில் இல்லை, தமிழில். எட்டுப் பாட்டு, ஒரு ஆல்பம். பாடத் தெரியுமா என்றால், சுருதி நிற்கும், அவ்வளவுதான். குரல் கரகரவென்று இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டுமே.

முதல் பாட்டைப் பதிவு செய்ததும் அம்மாவுக்குத்தான் முதலில் போட்டுக் காட்டினேன். குஷாய்குடாவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் அவள். ஒரு சால்டரிங் புள்ளி சரியில்லை என்றாலும் ரிஜெக்ட் முத்திரை குத்தித் திருப்பி அனுப்பிவிடுவாள். ஓய்வு பெற்ற பிறகு என் சாம்பார், என் தலைமுடி, நான் பேண்டை விட்டது என்று எல்லாவற்றின்மேலும் அந்த முத்திரை விழுந்துகொண்டிருந்தது.

பீன்ஸ் நறுக்கிக்கொண்டே கேட்டாள். பல்லவி வந்ததும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"பயத்த எங்கடி ஒளியச் சொல்ற? பீரோவுக்குப் பின்னாடியா?"

"ஒளியச் சொல்லலம்மா, ஒளியச் சொல்றேன்."

"அதத்தான் நானும் கேக்கறேன்."

நான் எழுதியது 'பயமே ஒழி'. பாடியது 'பயமே ஒளி'. உண்மையில் எழுதியதும் அப்படித்தான். எனக்குத் தமிழ் பேச வரும், எழுத்து தெரியாது. பள்ளிக்கூடத்தில் படித்தது தெலுங்கு. அதனால் தமிழ்ப் பாட்டையும் தெலுங்கு எழுத்தில்தான் எழுதிவைப்பேன். தெலுங்கில் 'ழ' கிடையாது, அந்த இடத்தில் 'ள' போட்டுக்கொள்வேன். நோட்டில் இருந்ததை அப்படியே பாடிவிட்டேன்.

எனக்குச் சுர்ரென்று வந்தது. "பொறந்ததுலேர்ந்து இப்படித்தான பேசறேன்? இப்பத்தான் ஒன் காதுல விழுந்துதா?"

"பேசறது வீட்டோட போச்சு. இது வெளிய அனுப்புற சாமான்," என்று மறுபடி பீன்ஸை எடுத்தாள். "ரிஜெக்ட்."

மறுநாளிலிருந்து ஸ்கூட்டரில் போகும்போதெல்லாம் ஹெல்மெட்டுக்குள் ஒழி, ஒழி என்று சொல்லிப் பார்த்தேன். சிக்னலில் பக்கத்து ஆட்டோக்காரர் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். நாக்கின் அடி வலித்தது. விடவில்லை. இந்த ஒரு எழுத்துக்காக ஆல்பத்தைக் கைவிட்டால் என்னைவிட அசடு இருக்க முடியாது என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் நண்பன் போன் செய்தான். எங்கள் இருவருக்கும் தெரிந்த ஒலிப்பதிவாளர் அவனுக்கு அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டியிருக்கிறார். பாட்டு பிரமாதம், ஆனால் உன் குரல் அதைத் தாங்காது, என்னிடம் கொடு, உன் பேரைப் பெரிதாகப் போடலாம் என்றான். தெலுங்கில், ரொம்பப் பிரியமாகத்தான் சொன்னான். பொய் சொல்வானேன், சரி என்று சொல்ல எனக்கு வாய் துடித்தது. அவன் பாடினால் ஊரே கேட்கும். நான் பாடினால் அம்மாவும் ஒலிப்பதிவாளரும் கேட்பார்கள்.

"எங்கே, பல்லவிய ஒரு தடவ பாடு," என்றேன்.

பாடினான். பட்டுப் போன்ற குரல். 'பயமே ஒளி' என்று பாடினான். இரண்டு வாரப் பயிற்சியில் என் காது திறந்திருந்தது. பயம் போய் ஒளிந்துகொள்வதை அன்றைக்குத்தான் கேட்டேன். அது ஒளியும் இடம் எனக்கு நன்றாகத் தெரியும். மேடையின் இடது ஓரம், அவன் முதுகுக்குப் பின்னால்.

"நக்கோ," என்றேன். வேண்டாம் என்பதற்கு எங்கள் ஊரில் இதைவிடத் திடமான சொல் கிடையாது.

"கைக்கு?" என்றான். ஏன் என்று அவன் கேட்டதில் நிஜமாகவே வருத்தம் இருந்தது.

"இத நான்தான் பாடணும். நல்லா இல்லன்னாலும் நான்தான் பாடணும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை பேகம்பேட் ஸ்டூடியோவுக்குப் போனேன். கீழே எல்லாம் ஆபீஸ்கள், ஞாயிறுகளில்தான் ஜெனரேட்டர் சத்தம் இருக்காது. ஒலிப்பதிவாளர் தெலுங்குக்காரர், அவர் காதுக்கு ஒளியும் ஒழியும் ஒன்றுதான். நாலாவது தடவையே போதும் என்றார். நான் பதினேழாவது தடவையில் நிறுத்தினேன். ஒரு இடத்தில் குரல் உடைந்திருந்தது. சரி செய்துவிடலாம் என்றார். தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பாட்டைப் போட்டேன். ரிஜெக்ட் என்றால் அடுத்த ஞாயிறும் போவது என்று எனக்குள் தீர்மானமாகியிருந்தது. அம்மா எழுந்துபோய் ஃபேனை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். கடைசிவரை கேட்டாள்.

"ஒரு எடத்துல கொரல் ஒடையுதே."

"ஹவ், ஒடையுது," என்று ஆமாம் போட்டேன்.

"அது இருக்கட்டும்," என்று எழுந்து ஃபேனைப் போட்டாள். "போயிடுச்சு."

"எதும்மா?"

"பயந்தான். பீரோவுக்குப் பின்னாடிகூட இல்ல."